பலகையின் பின்பக்கத்துப் பெயர்

இதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. ரயா என் அக்கா. இன்றைக்கும் தட்டு, புத்தகம், எது கைக்கு வந்தாலும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். ஏன் என்று கேட்டால் இதைத்தான் சொல்வாள். பல முறை கேட்டுவிட்டேன். ஒரு முறையும் கதை மாறவில்லை.

லாமுத் தீவுக்கு விமானத்தில் வருகிறவர்கள் லாமுவில் இறங்குவதில்லை. எதிர்த்தாற்போல் இருக்கும் மாண்டா தீவில்தான் ஓடுதளம். நடுவில் கடல். இறங்கியவர்களை அந்தந்த விடுதிக்காரர்கள் தோணியில் வந்து கூட்டிப்போக வேண்டும். ரயாவுக்கு அந்த வேலைதான். விருந்தாளியின் பெயரை எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நிற்பது, பெயரைப் பார்த்து வருகிறவரைத் தோணிக்கு அழைத்துப்போவது.

சுலபமான வேலை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் சேர்ந்த அன்றே மேலாளர் நாசிர் அவளை உட்காரவைத்து ஒன்று சொன்னார். கடைசி விமானம் போனபின் மாண்டாவில் ஈ காக்கை இருக்காது. விமான நிலையத்தைப் பூட்டிவிடுவார்கள். போன வருடம் நம் விருந்தாளி ஒருத்தர் அங்கே தனியாக விடப்பட்டார். மூன்றாம் நாள் அலையாத்தி மர வேர்களுக்கு நடுவில் பிணமாகக் கிடைத்தார். இன்னொருவர் அப்படி நின்றால், விடுதியை மூடிவிட்டு நான் போய்விடுவேன். அந்த விருந்தாளியின் பெயரை நாசிர் சொல்லவில்லை. விடுதியில் யாருமே சொல்வதில்லை.

அன்று நோன்பின் பத்தொன்பதாம் நாள். தெற்குக் காற்று உரத்து வீசிக்கொண்டிருந்தது. கடைசி விமானம் ஐந்து பத்துக்கு. வர வேண்டியவர் ஒரே ஒருத்தர், கிசுமுவிலிருந்து டோர்காஸ் அமிமோ என்ற ஆசிரியை.

பாதிக் கடலில்தான் ரயாவுக்கு நினைவு வந்தது, பலகையை விடுதியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். திரும்ப நேரமில்லை. தோணிக்காரர் ஃபமாவு காக்கா, அடிப்பலகைக்குக் கீழே பழசு ஏதாவது கிடக்கும், பார் என்றார். கையை விட்டுத் துழாவினாள். ஒன்று அகப்பட்டது. ஒரு பக்கம் பச்சைப் பாசி, அதனூடே ஏதோ பழைய எழுத்து; அவள் படிக்கவில்லை. இன்னொரு பக்கம் சுத்தமாக இருந்தது. சுத்தமான பக்கத்தில் பேனாவால் பெரிதாக எழுதினாள். டோர்காஸ் அமிமோ.

வேலியோரம் வழக்கமான வரிசை. பக்கத்து விடுதியின் ஷீ பல்லைக் காட்டினான்.

“என்னா ரயா, குப்பையிலேர்ந்து பொறுக்கிட்டு வந்தியா? நாத்தம் தாங்கல. நோன்பு தொறக்குறதுக்குள்ள எனக்குக் கொமட்டிடும் போல.”

“ஒன் மூஞ்சியப் பார்த்தே வந்தவங்கள்லாம் திரும்பிப் போறாங்க. பலகைதான் கொறச்சல்.”

விமானம் இறங்கியது. ஆட்கள் வந்தார்கள். ரயா பலகையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தாள். குனிந்து ஒருமுறை பார்த்துக்கொண்டாள். எழுத்து அழகாகத்தான் இருந்தது.

ஷீயின் ஆட்கள் வந்தார்கள். அவன் பைகளைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். கூட்டம் கரைந்தது.

அப்போது ஒரு பெண் ரயாவின் முன்னால் நின்றாள்.

எந்தப் பக்கமிருந்து வந்தாள் என்று ரயா கவனிக்கவில்லை. நாற்பது வயதிருக்கும். கையில் பை இல்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லத் தலையாட்டினாள்.

“வாங்கம்மா. பை இருக்கா?”

“இல்ல.”

“வழி நல்லா இருந்துச்சா?”

“ரொம்ப நேரமா நிக்கிறேன்.”

விமானம் இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. களைப்பில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டு ரயா முன்னால் நடந்தாள். தோணித்துறை போகும் பாதையைப் பற்றி, காற்றைப் பற்றி, இரவுச் சாப்பாட்டைப் பற்றி ஏதேதோ சொல்லிக்கொண்டே போனாள். பின்னாலிருந்து ஷீ கத்தினான். “யாரோட பேசிட்டுப் போறே? நோன்பு தலைக்கு ஏறிடுச்சா?” அவனுக்கு எப்போதும் கிண்டல்தான். ரயா திரும்பவில்லை.

துறையின் மரப்பலகைகளில் ஏறியபோதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. சப்... பிறகு ஒன்றுமில்லை. சப்... பிறகு ஒன்றுமில்லை. ஒரு காலில் மட்டும் செருப்புப் போட்டு நடப்பதைப் போல.

ஃபமாவு காக்கா இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். அது அன்று முரண்டு பிடித்தது. அந்தப் பெண் போய்த் தோணியின் முன்பலகையில் முதுகு காட்டி உட்கார்ந்தாள். ரயா நடுவில் உட்கார்ந்து, பலகையைக் காலடியில் போட்டாள். ஐந்து முப்பத்திரண்டுக்குக் கிளம்பினார்கள்.

“பை ஒண்ணும் ஏத்தலியே,” என்றார் ஃபமாவு காக்கா, சுக்கானைப் பிடித்தபடி. “முன்னால ஏன் இப்புடி அமுங்குது?”

உண்மைதான். முன்பக்கம் தாழ்ந்து, ஒவ்வொரு அலையும் உள்ளே எட்டிப் பார்த்தது. நாலு மூட்டை அரிசி ஏற்றியதைப் போல.

பாதிக் கடலில் ரயாவின் கைபேசி அடித்தது. நாசிர்.

டோர்காஸ் அமிமோ இப்போதுதான் கூப்பிட்டாராம். மாண்டாவிலேயே நிற்கிறாராம். இறங்கியதும் பார்த்தாராம். ஒரு பெண் பலகை பிடித்திருந்தாளாம். ஆனால் அதில் வேறு யாரோ பெயர். கழிப்பறைக்குப் போய்விட்டு வருவதற்குள் அந்தப் பெண்ணும் போய்விட்டாள். நிலையத்தைப் பூட்டிவிட்டார்கள். எங்கே இருக்கிறாய், ரயா?

“நான் அவங்களக் கூட்டிட்டு வந்துட்டு இருக்கேனே,” என்றாள் ரயா. “முன்னாலதான் உக்காந்திருக்காங்க.”

இன்ஜின் சத்தம் நின்றது. ஃபமாவு காக்கா அணைத்திருந்தார்.

“முன்னால யாரு இருக்கா?” என்று கேட்டார். மெதுவாக.

ரயா நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. கண் காலடியில் இருந்தது. அங்கே பலகை கிடந்தது. பாசிப் பக்கம் மேலே. தெறித்த தண்ணீரில் பாசி கரைந்திருந்தது. அடியில் எழுத்து. நேற்று எழுதியதைப் போல.

யூனிஸ் கெமுன்டோ.

ஃபமாவு காக்காவின் உதடு அந்தப் பெயரைச் சத்தமில்லாமல் சொன்னது. பிறகு, “போன வருசம் நான் புடிச்சிட்டு நின்ன பலகை இது, பொறகு தேடியும் கெடைக்கல,” என்றார். “ஒத்தச் செருப்போட கெடச்சாங்களே... அவங்க பேரு.”

ரயாவுக்கு அப்போதுதான் புரிந்தது. வேலியோரம் குனிந்து பார்த்தாள் அல்லவா... எழுத்து அழகாக இருந்தது அல்லவா. பிடித்திருப்பவளின் கண்ணுக்குப் பெயர் தெரிந்தால், எதிரே நிற்பவர்களுக்குத் தெரிந்தது எது?

“காக்கா. போன வருசம் நீங்க எப்புடிப் புடிச்சீங்க?”

“நோன்பு தொறக்குற அவசரம். புடிச்சிட்டு நின்னேன். யாரும் வரல. ஆள் வரலன்னு திரும்பிட்டேன்.”

“பேரு ஒங்க பக்கமாத் தெரிஞ்சுச்சா?”

காற்று. அலை. அவர் தலை குனிந்திருந்தது.

“தெரிஞ்சுச்சு,” என்றார். பிறகு, “அன்னிக்கும் தோணி கனமாத்தான் இருந்துச்சு.”

அந்த நொடி முன்பக்கம் மேலே எழும்பியது. சட்டென்று. பாரத்தை யாரோ எடுத்துக்கொண்டதைப் போல.

ரயா பார்த்தாள்.

முன்பலகையில் யாரும் இல்லை. ஈரம் மட்டும்.

எங்கே போயிருப்பாள் என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பின்னால் மாண்டா. அங்கே ஒருத்தர் தனியாக நிற்கிறார்.

மணி ஐந்து ஐம்பத்தொன்று.

“திருப்புங்க காக்கா.”

அவர் மாட்டேன் என்றார். வீட்டுக்குப் போய்விடலாம், போலீசுக்குச் சொல்லலாம், நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வரலாம், மாண்டாத் துறைப் படிக்கட்டுக்குத் தனியாகப் போக என்னால் ஆகாது என்றார்.

“போன வருசம் நீங்க வீட்டுக்குப் போனீங்க,” என்றாள் ரயா. “இந்த வருசம் திருப்புங்க.”

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். பிஸ்மில்லா சொல்லி இன்ஜினை இழுத்தார். ஒரே இழுப்பில் பிடித்தது. காற்றை எதிர்த்து, நனைந்து, போனார்கள். சூரியன் லாமுவின் வீடுகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

துறையில் ஆள் இல்லை.

துறையின் கடைசியில் படிகள். வழுக்கும் படிகள். அவை தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில்... ஒரு தலை.

டோர்காஸ் அமிமோ மார்பளவு தண்ணீரில் நின்றார். பையைத் தலைமேல் வைத்து ஒரு கையால் பிடித்திருந்தார். இன்னொரு கை முன்னால் நீண்டிருந்தது. யாரோ பிடித்திருப்பதைப் போல. சிரித்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு படி இறங்கினார்.

ரயா கத்தினாள். குரலைக் காற்று அடித்துக்கொண்டு போனது.

இன்னொரு படி. கழுத்து.

ரயா பலகையை எடுத்தாள். தோணியில் எழுந்து நின்றாள். தலைக்குமேல் உயர்த்தினாள். இந்த முறை திருப்பிப் பிடித்தாள். டோர்காஸ் அமிமோ என்ற எழுத்து வெளியே.

அப்படியென்றால் உள்ளே இருந்தது மற்றது. யூனிஸ் கெமுன்டோ. அவள் முகத்துக்கு நேராக. கண்ணை மூட முடியாது. மூடினால் கை ஆடும்.

பார்த்துக்கொண்டே நின்றாள்.

தண்ணீரில் இருந்தவர் தலையைத் திருப்பினார். படித்தார். சிரிப்பு நின்றது. நீட்டிய கை... விழுந்தது.

தண்ணீரில் ஒரு சத்தம் கேட்டது. சப். பிறகு ஒன்றுமில்லை.

இருவரும் சேர்ந்து அவரை இழுத்துத் தோணியில் போட்டார்கள். பல் கிட்டிப்போயிருந்தது. ரயா தன் கறுப்பு அங்கியைக் கழற்றிப் போர்த்தினாள். தோணி திரும்பிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

“அந்தம்மாவ ஏன் விட்டுட்டு வர்றீங்க? பாவம், ரொம்ப நேரமா நிக்கிறாங்களாம். தோணி இங்கதான் இருக்கு வாங்கன்னு அவங்கதான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க.”

பள்ளிவாசல்களில் நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு தொடங்கியிருந்தது. ஃபமாவு காக்கா மடியிலிருந்த பேரீச்சம்பழத்தை எடுக்கவே இல்லை.

பலகையை அன்றிரவே அடுப்பில் வைத்தார்கள். ஊறிய மரம், எரிய வெகுநேரம் ஆனது. டோர்காஸ் அமிமோ மறுநாள் காலை முதல் விமானத்தில் போய்விட்டார். ஃபமாவு காக்கா அதன்பின் மாண்டாப் பக்கம் தோணி விடவில்லை.

பெருநாள் கழிந்து ஒரு நாள், கேட்காமலே நாசிர் ரயாவிடம் சொன்னார். அத்தனை நாள் யாரிடமும் சொல்லாததை. போன வருடம் யூனிஸ் கெமுன்டோவும் அவரைக் கூப்பிட்டிருக்கிறார். நோன்பு திறக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது. நாசிர் பதறி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாராம். அந்த அம்மாள் சிரித்தாராம்.

“கவலப்படாதீங்க. ஒங்க விடுதிப் பொண்ணு வந்துட்டா. கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறா. பாவம், கைதான் சில்லுன்னு இருக்கு.”

அதைக் கேட்டு நிம்மதியாகத்தான் நாசிர் நோன்பு திறக்க உட்கார்ந்தார்.

அந்த விடுதியில் வேலைக்குச் சேர்ந்த முதல் பெண் ரயாதான். அவள் சேர்ந்தது அதற்கு அடுத்த வருடம்.