பத்திரத்தில் விட்டுப்போன பெயர்

ஏகாம்பரம் இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு கிரயப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். டீக்கடைக்காரர் வந்து சொன்னார். விடியற்காலையில் மார்வலியாம். எழுதியதை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஸ்ரீபெரும்புதூர் பத்திரப் பதிவு அலுவலக வாசலில் எங்கள் மேஜைகள் பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. அவரிடம் பத்திரம் எழுதியவர்களுக்குத் தெரியும், மனிதர் வேலையில் ஆமை. மனை வாங்க வருகிறவருக்குப் பாடம் நடத்தாமல் பேனாவைத் திறக்க மாட்டார். நிலம் யார் யார் கை மாறி வந்தது என்று சொல்வது தாய்ப்பத்திரம். அதன்மேல் அடமானம் கிடமானம் இருக்கிறதா என்று காட்டுவது வில்லங்கச் சான்று. "பத்திரம் நீ வாங்கினதைச் சொல்லும். பட்டா, அது உன்னுதுன்னு சர்க்கார் ஒத்துக்கினதைச் சொல்லும். ரெண்டையும் பாத்துகினு வூடு கட்டு" என்பார். தினமும் இதே பாட்டைக் கேட்டு எனக்கு எரிச்சலாக வரும்.

இந்த 1991 தையில் ஒரகடம் பக்கத்திலிருந்து அண்ணன் தம்பி இருவர் என்னிடம் வந்தார்கள். தாய் தகப்பன் இல்லை. தகப்பன் சொந்தமாக வாங்கி, உயில் எழுதாமல் விட்டுப்போன ஒரு ஏக்கரை மனை போடுகிறவருக்கு விற்க வேண்டும். வாரிசு இரண்டு மகன்கள் என்று வழக்கம்போல எழுதிவிட்டேன். நகை போட்டு அனுப்பியதோடு பெண்ணின் பாகம் தீர்ந்தது என்பது எங்கள் பக்கத்து நினைப்பு.

ஏகாம்பரம் தன் மேஜையிலிருந்தே கேட்டார்: "கூடப் பொறந்தவங்க எத்தினி பேருப்பா?"

ஒரு தங்கை, கட்டிக்கொடுத்தாகிவிட்டது என்றார்கள். அவளுக்கும் சரிபாகம் உண்டு, அவள் கையெழுத்து இல்லாமல் பத்திரம் நிற்காது என்றார். எனக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. என் கட்சிக்காரர்கள் எதிரில் சொன்னாரே என்றுதான் கோபம்.

மறுநாள் தங்கையை அழைத்து வந்து, விடுதலைப் பத்திரம் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அவளும் பேனாவை வாங்கிவிட்டாள். ஏகாம்பரம் எழுந்து வந்தார்.

"இதுல கையெழுத்துப் போட்டா, உன் பாகத்தை அண்ணனுங்களுக்கே வுட்டுட்டேன்னு அர்த்தம்மா. அப்புறம் கேக்க முடியாது. தெரிஞ்சிகினு போடு."

அவள் பேனாவை மேஜைமேல் வைத்தாள். பிறகு, "எனக்கு ஒரு மனை வுட்டுடுண்ணா, போடறேன்" என்றாள். அண்ணன்கள் முறைத்தார்கள். ஒரு வாரம் இழுத்தது. கடைசியில் ரோட்டோரம் ஒரு மனை அவள் பேரில் பதிவானது. ஏகாம்பரத்தோடு நான் ஒரு மாதம் பேசவில்லை. அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, அன்று தன் மேஜையிலிருந்து கேட்டாரே, அந்தக் கேள்வி ஒன்றைத்தான். அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு, மணிமங்கலத்தில் அப்பா வாங்கிய மனையை விற்க, என் பேரும் தம்பி பேரும் மட்டும் போட்டு நானே எழுதிய வரைவு பெட்டியில் இருந்தது. கூடப் பிறந்தவர்கள் நாங்கள் மூன்று பேர். ஏகாம்பரத்தின் காரியம் முடிந்து வந்த அன்று அதைக் கிழித்துப் போட்டேன். தம்பி பேச்சை நிறுத்திவிட்டான். வரும் ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகிறேன். அவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஏகாம்பரம் இருந்தால் அவரையே கேட்டிருப்பேன்.