கோணாமலை போடாத மண்

காத்தான்குடியின் முதல் வீடு தெரிந்ததும் கோணாமலை தோளில் கிடக்கும் சால்வையை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்வான். கடைசி வீடு தாண்டியதும் அது திரும்பவும் தோளுக்கு வந்துவிடும். பதினைந்து வருடங்களில் ஒருநாள்கூட அது தவறியதில்லை.

கலியாணம் முடிந்த முதல் ஆடி அமாவாசைக்கு, மாமாங்கக் கோயிலில் தீர்த்தமாட மாட்டுவண்டியில் போனபோதுதான் அன்னப்பூரணி அதைக் கண்டாள். வெயிலுக்கு என்று நினைத்தாள். அடுத்த ஆடியில் வானம் மூடிக் கிடந்தது. ஆரையம்பதி எல்லையில் வண்டி ஏறி இறங்கியதும் சால்வை தலைக்குப் போனது. கல்லடிப் பக்கம் காற்று முகத்தில் அடித்ததும் இறங்கியது.

"காத்தான்குடிக்கு மட்டும் தனி வெயிலா?" என்று கேட்டாள்.

"ஓம்கா. இஞ்ச மணல் கூட. காந்தும்."

பிறகு அவள் கேட்கவில்லை. புருசன்மாருக்கு ஆளுக்கொரு பழக்கம். ஒருவன் சாப்பிட்ட கையை நக்குவான், ஒருவன் உறங்கும்போது பல்லைக் கடிப்பான். தன் புருசன் காத்தான்குடியில் தலையை மூடுகிறான். அப்படித்தான் அவள் அதை வைத்துக்கொண்டாள்.

கோணாமலை வாவியில் வீச்சுவலை போடுகிறவன். விடியற்காலையில் பிடித்த மீனைக் காவுதடியில் தொங்கவிட்டு மட்டக்களப்புச் சந்தைக்கு நடப்பான். அதிகம் பேசமாட்டான். ஆனால் வைகாசி மாதம் அம்மன் கோயில் சடங்கு வந்துவிட்டால் அவன் வேறு ஆள். முதுகு நிமிரும். குரல் தடிக்கும். அவன் மருங்கன் குடியின் தலைவன்.

மட்டக்களப்புப் பக்கத்தில் ஒருவனை முதலில் கேட்பது தகப்பன் பெயரை அல்ல, குடியை. குடி தாய் வழியே வருவது. தாய் எந்தக் குடியோ, பிள்ளைகளும் அந்தக் குடி. பெண் கொடுப்பதும் எடுப்பதும் அதைப் பார்த்துத்தான். கோயிலில் யார் எங்கே நிற்பது என்பதும் அதை வைத்துத்தான். சடங்கின் கடைசி நாளில் ஒவ்வொரு குடியிலிருந்தும் அம்மனுக்குப் படையல் வைத்த மடைப்பெட்டியைத் தலையில் சுமந்து வருவார்கள். மேலே வெள்ளைத் துணி பிடித்திருப்பார்கள். கோயில் வாசலில் குடிகளின் பெயரை வரிசைப்படி உரக்கக் கூப்பிடுவார்கள். மருங்கன் குடி மூன்றாவது. கூப்பிட்டதும் அந்தக் குடித் தலைவன் பெட்டியோடு வாசலில் கால் வைப்பான். தலைவன் செத்தால் அந்த இடம் மகனுக்குப் போகாது. சகோதரியின் மகனுக்குத்தான் போகும்.

கோணாமலைக்கு அது அப்படித்தான் வந்தது. அவனை வளர்த்த பெரியநாச்சியின் தமையன்தான் முந்தின தலைவர். கோணாமலை பெரியநாச்சியின் வயிற்றில் பிறந்தவன் இல்லை. தங்கச்சி சின்னநாச்சியின் பிள்ளை. தெற்கே வாழ்க்கைப்பட்டுப் போன சின்னநாச்சியும் புருசனும் தொள்ளாயிரத்து ஏழாம் ஆண்டுச் சூறாவளியில் போய்விட்டார்கள். பிள்ளை மட்டும் தப்பியது. விதவையாக இருந்த பெரியநாச்சி போய் அதைத் தூக்கி வந்தாள். இதுதான் ஊர் அறிந்த கதை. அன்னப்பூரணி வீட்டார் பெண் கொடுத்ததும் இந்தக் கதையை நம்பித்தான். அவள் கதிரன் குடி, அவன் மருங்கன் குடி, குடி வேறு, சம்பந்தம் சரி.

ஊரில் ஒருவன் மட்டும் அந்தக் கதையை முழுதாக விழுங்கவில்லை. நல்லரத்தினம். பெரியநாச்சியின் சின்னம்மா வழிப் பேரன். கோணாமலை இல்லாவிட்டால் பெட்டி அவன் தலைக்கு வந்திருக்கும். அவன் சண்டை பிடிக்கிறவன் இல்லை. சிரித்துக்கொண்டே சொல்லுவான்.

"எல்லாக் குடிக்கும் தலைவர் வயித்தில இருந்து வந்தார். எங்களுக்கு மட்டும் காத்தில வந்தார், என்ன அண்ணே?"

கோணாமலையும் சிரிப்பான். அன்று இரண்டு கவளம் குறைவாகச் சாப்பிடுவான். அதையும் அன்னப்பூரணி பார்த்திருக்கிறாள்.

நாற்பத்து மூன்றாம் ஆண்டு. யுத்தக் காலம். அரிசி கூப்பனுக்கு வந்தது, சடங்கு நிற்கவில்லை. கடைசி நாள் காலையில் முற்றத்தில் மடைப்பெட்டியை மஞ்சள் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மருங்கன் குடி ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். கோணாமலை கையில் காப்புக் கட்டியிருந்தது. நல்லரத்தினம் வெற்றிலைத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

படலையடியில் ஒரு ஆள் வந்து நின்றார். தொப்பி, கட்டம் போட்ட சாரம், வேர்வையில் முதுகோடு ஒட்டிய பெனியன். விரல் நுனிகளில் நூற்சாயம் ஏறியிருந்தது. காத்தான்குடி நெசவுக்காரர் சரீப். அன்னப்பூரணி அவரை அதற்கு முன் கண்டதில்லை.

"கோணாமலை," என்றார். பேர் சொல்லிக் கூப்பிட்ட விதத்திலேயே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "உம்மா மவுத்தாயிட்டா. விடியத்தான். ளுஹர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்."

கோணாமலையின் விரல் காப்பு நூலைத் திருகியது.

"மூணு பிடி மண் உன்ட கையாலயும் விழோணும் எண்டு சொல்லிவச்சிட்டுத்தான் போனா. மூணு நாளா அதையேதான் சொன்னா. வா, போவம்."

நல்லரத்தினம் தட்டைக் கீழே வைத்தான். "ஆரு காக்கா உங்கட உம்மா?"

"ஆயிஷா உம்மா."

"எங்கட தலைவருக்கு அவ என்ன முறை?"

சரீப் திரும்பினார். கோணாமலையைப் பார்த்தார். அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியவன் அவன்தான் என்பதுபோலப் பார்த்தார். தாய் செத்த வீட்டுக்குப் போனவனுக்குத் துடக்கு. துடக்குக்காரன் மடைப்பெட்டியைத் தொட முடியாது. அது அந்த ஒருநாள் விசயம். ஆனால் அங்கே போனால் அவள் யார் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த வருடமும் பெட்டி இல்லை, அதற்கடுத்த வருடமும் இல்லை. முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் அதைக் கணக்குப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வீடு மாறி வந்திட்டீங்க காக்கா," என்றான் கோணாமலை. "எனக்கு அப்பிடி ஒராளையும் தெரியாது."

சரீப் தொப்பியைச் சரிசெய்தார்.

"அப்ப சரி. பிழை என்னிலதான். பொறுத்துக்கங்க," என்று சொல்லிப் படலையைத் தானே சாத்திவிட்டு நடந்தார்.

"கோணாமலை எண்டு ஊரில வேற ஆளும் இருக்கோ, அண்ணே?" என்று கேட்டான் நல்லரத்தினம்.

"இருக்கும்."

அவனுடைய கை தோளுக்குப் போனது. சால்வையை எடுத்தது. தலையில் போட்டுக்கொண்டது. சொந்த முற்றத்தில், மாமர நிழலில் நின்றுகொண்டு. பதினைந்து வருடமாக அவன் மறைத்தது வெயிலுக்கு இல்லை.

பின்னேரம் கோயில் வாசலில் மருங்கன் குடி என்று கூப்பிட்டார்கள். அவன் பெட்டியோடு கால் எடுத்து வைத்தான். பறை அதிர்ந்தது, பெண்கள் குரவையிட்டார்கள். அன்னப்பூரணிக்கு வாய் எழும்பவில்லை.

அடுத்த நாள் வாவிக் கரையில் வலையில் சிக்கிய பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது அவனாகவே சொன்னான். அவளைப் பார்க்காமல், வலையைப் பார்த்தே சொன்னான்.

சூறாவளி அடித்த மறுநாள் காத்தான்குடி வாவிப் பக்கம் ஒரு கூரை மிதந்து வந்தது. அதன் வரிச்சுக் கம்பில் ஒரு பிள்ளையைச் சேலைக் கிழிசலால் கட்டியிருந்தது. கட்டியவளைக் காணவில்லை. எந்த ஊர்க் கூரை, எவளுடைய சேலை, ஒருவருக்கும் தெரியாது. ஆயிஷா உம்மா அப்போது கைக்குழந்தைக்காரி. ஒரு மாரில் சரீப், மறு மாரில் இவன். இரண்டரை வருடம். பிறகு பெரியநாச்சி கேள்விப்பட்டுப் போனாள். அரைஞாணில் வேல் கோத்திருக்கிறது, தமிழ்ப் பிள்ளை, தா என்று கேட்டாள். பெரியவர்கள் பேசிக் கொடுத்தார்கள். தூக்கி வந்தவள், ஊருக்கு வந்து சேர்வதற்குள், செத்த தங்கச்சியின் பேரைச் சொல்லி, அவனுக்கு ஒரு தாயையும் குடியையும் உண்டாக்கிவிட்டாள். குடியில்லாத பிள்ளையை வளர்த்து என்ன செய்வது?

"ஆயிஷா உம்மா பெருநாளைக்குப் பெருநாள் பலகாரம் கொண்டு வருவா. எனக்கு எட்டு வயசு ஆகும் மட்டும். மறுகா அம்மா சொன்னா, அவட பால் உன்ட வாயில மணக்குதெண்டு ஊருக்குத் தெரிஞ்சா உனக்குக் குடியும் இல்ல, கோயிலும் இல்ல, கண்டா முகத்தை மூடு எண்டு."

"மூடினீங்க."

"பதினஞ்சு வயசில ஒருநாள் மீன் கொண்டு போறன். வேலிக்குள்ள நிண்டு 'மனே' எண்டு கூப்பிட்டா. அண்டைக்குத்தான் முதல்ல சால்வையைத் தலையில போட்டன்."

அன்னப்பூரணி கையிலிருந்த பாசியை உதறினாள்.

"ஆருக்காக? பிள்ளையளுக்கா?"

"பிள்ளையளுக்கும்தான்."

"எங்கட பிள்ளையள் என்ட குடி. நீங்க மருங்கன் குடி எண்டாலும் ஒண்டுதான், வாவியில வந்தவர் எண்டாலும் ஒண்டுதான். அதுகளுக்கு உங்கட குடியால அஞ்சு சதப் பிரயோசனம் இல்ல. வருசத்தில ஒருநாள் ஒரு பெட்டியைத் தலையில வைக்க, நேத்து ஒரு தாயைத் தெரியாதெண்டீங்க."

அவன் வலையை மடியில் இழுத்துப் போட்டான். வலையில் கிழியாத இடத்தைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தான். அப்படிச் சொன்னதற்காக அவள் பின்னால் பல வருடம் வருந்தினாள். பொய் என்பதற்காக அல்ல. அவளுக்குப் பிறக்கும்போதே குடி இருந்தது. கூரையில் கட்டிக் கிடந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய சாமான் என்று குடியோடு பிறந்தவளுக்கு எப்படித் தெரியும்?

எட்டாம் நாள் இருவரும் காத்தான்குடிக்குப் போனார்கள். ஆயிஷா உம்மாவை அடக்கிய மையவாடி மதிலருகே சரீப் நின்றார். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கோணாமலை குனிந்து பாதையோர மணலை அள்ளினான். ஒரு பிடி, இரண்டு பிடி, மூன்று பிடி. சால்வை முனையில் போட்டான்.

"அதால பிரயோசனமில்ல," என்றார் சரீப். கோபமாகச் சொல்லவில்லை. "அடக்கம் செய்யக்குள்ள நிண்டு போடுறதுதான் மண். மூடின கபுறில போட்டா மேடு பெருக்கும், அவ்வளவுதான்."

"நான் வந்திருக்கோணும்."

"ஓம். வந்திருக்கோணும்."

சரீப் அன்னப்பூரணியிடம் திரும்பினார். "மதினி, உங்களுக்கொண்டு சொல்லவா? எங்களுக்கும் தாய் வழிக் குடி இருக்கு. பள்ளிவாசல் கந்தூரிக்குக் குடி குடியாத்தான் சோறு பங்கு வைக்கிற. வீட்டில எத்தினை பிள்ளை எண்டு கேப்பாங்க. உம்மாக்கு நாங்க நாலு பேர். அவ அஞ்செண்டுவா. முப்பத்து நாலு வருசம் அஞ்சு பங்குதான் வாங்கினா. ஒருத்தரும் மறுத்ததில்ல. ஊருக்கே தெரியும்."

கோணாமலை மதிலைப் பிடித்துக்கொண்டான்.

"அந்த அஞ்சாவது பங்கை என்ன செய்யிற?" என்று கேட்டாள் அன்னப்பூரணி.

"மூடி வைப்பா. விடிஞ்சு கோழிக்குப் போடுவா."

திரும்பி வரும்போது சால்வை முனையில் மண் முடிச்சு இருந்ததால் அவன் தலையில் ஒன்றும் இல்லை. காத்தான்குடித் தெருவை முழுக்கத் திறந்த தலையோடு நடந்து கடந்தான். வேலிகளுக்குள்ளிருந்து யாரும் கூப்பிடவில்லை.

அந்த மண்ணை அவன் எறியவில்லை. ஒரு சின்ன மண் முட்டியில் போட்டுக் குசினிக் கூரை வளையில் தொங்கவிட்டான். அதற்குப் பிறகும் மூன்று வைகாசியில் மடைப்பெட்டி சுமந்தான். ஆனால் குடிப் பெயரைக் கூப்பிட்டதும் உடனே கால் வைக்கமாட்டான். இரண்டாம் தரம் கூப்பிட வேண்டியிருந்தது. காது மந்தம் என்று ஊரில் சொன்னார்கள்.

நாற்பத்தாறு மார்கழியில் காய்ச்சல் கண்டது. ஆறு நாள். ஆறாம் நாள் அன்னப்பூரணியின் கையைப் பிடித்து, "அந்தச் சேலை என்ன நிறமாயிருக்கும்?" என்று கேட்டான். "சிவப்பு," என்றாள். அவன் தலையை ஆட்டினான்.

மருங்கன் குடி தன் தலைவனுக்குக் குறை வைக்கவில்லை. வெள்ளை விரித்து, பறையோடு கொண்டுபோனார்கள். நல்லரத்தினம்தான் முன்னுக்கு நின்றான். "எங்கட குடிக்கு இப்பிடி ஒரு மனிசன் வாய்ச்சதில்ல," என்று சொல்லி அழுதான். அது உண்மையான அழுகைதான். அடுத்த வைகாசியில் பெட்டி அவன் தலைக்கு ஏறியது. சரீப் வந்திருந்தார். வேலிக்கு வெளியே, தெருவோரத்தில், தொப்பியைக் கழற்றாமல் நின்றார். ஒருவரும் அவரை என்ன முறை என்று கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்தபின் அன்னப்பூரணி வளையிலிருந்த முட்டியை இறக்கி, துணி மூடி, காத்தான்குடிக்கு நடந்தாள். சரீப் தறியில் இருந்தார். இறங்கி வந்தார். முட்டியைப் பார்த்ததும் அது என்ன என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இதை நீங்களாவது கொண்டு போய்ப் போடுங்க," என்றாள்.

அவர் கையை நீட்டவில்லை.

"ஏலாது மதினி. நான் என்ட மூணு பிடியையும் போட்டுட்டன். இது அவன்ட. ஒருத்தன்ட மண்ணை மத்தவன் போடுற வழமை எங்களுக்கு இல்ல."

"அப்ப நான் இதை என்ன செய்யிற?"

உள்ளே தறி நின்றுபோயிருந்தது.

"தெரியா," என்றார்.

அவள் முட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்ப நடந்தாள். அது மறுபடியும் குசினி வளைக்குப் போனது. புகை படிந்து முட்டி கறுத்தது. கூரை வேயும்போது இறக்குவார்கள், வேய்ந்ததும் தொங்கவிடுவார்கள். ஒருமுறை மூத்தவன் அதில் மிளகாய்க் கன்று நடலாமா என்று கேட்டான்.

"தொடாத. அது அப்பா போட வேண்டிய மண்," என்றாள் அன்னப்பூரணி.