எதிரொலிப் பெட்டிக்குள் யார் கை வைத்தது

பழுது பார்த்து வந்த பெட்டியில் இரைச்சல் இல்லை. என் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

பெட்டி என்று நான் சொல்வது கிட்டாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் செருகுகிற டிலே. சோப்புப் பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. ஒரு சுரத்தை மீட்டினால் அதை வாங்கிக்கொண்டு, கொஞ்சம் தாமதித்துத் திருப்பிச் சொல்லும். பிறகு இன்னும் மெல்ல, அதற்குப் பிறகு இன்னும் மெல்ல. நான் வாசிப்பது மடியில் கிடத்தி, கம்பிமேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிக்கும் ஹவாயன் கிட்டார். எதிரொலி இல்லாவிட்டால் அது மொட்டையாக ஒலிக்கும்.

ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தபோதே வாங்கிய பெட்டி. அனலாக் வகை. வீட்டுக் கூரைக்குக் கான்கிரீட் போடுகிற அன்று ஆட்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றுவார்களே, அதுபோல் உள்ளே ஒலி, ஒரு சிப்புக்குள் அடங்கிய ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு மின்தேக்கிகள் வழியாகக் கைமாறிப் போகிறது. போகிற வழியில் கொஞ்சம் சிந்தும். சிந்துவது பெரும்பாலும் ஒலியின் கூர்மை. அதனால் இரண்டாவது எதிரொலி முதலாவதைவிட மங்கல், மூன்றாவது இன்னும் மங்கல். ஐந்துவரை எண்ணலாம். ஆறாவது சுரமா மூச்சா என்று தெரியாது. இதற்கெல்லாம் பின்னால் எப்போதும் ஒரு ‘உஸ்’ ஓடிக்கொண்டிருக்கும்.

டிஜிட்டல் வகை அப்படியல்ல. ஒலியை எண்களாக்கி வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்கும். எண் வழியில் சிந்தாது. எட்டாவது எதிரொலியும் முதலாவதைப் போலவே துல்லியமாக இருக்கும். சத்தம் மட்டும்தான் குறையும்.

பெட்டியைப் பழுது பார்த்தவர் என் நண்பர். ராமாபுரம் பக்கத்துக்காரர். எங்கள் ஊர் தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறார். எங்கள் ஐந்து பேர் வாத்தியக் குழுவில் கீபோர்டு அவர்தான். மேடையில் எல்லா வாத்தியங்களின் ஒலியையும் கூட்டிக் குறைக்கிற மிக்ஸரும் அவர் கையில்தான். பெட்டி கடையில் கிடந்த நாட்களுக்கு ஒரு டிஜிட்டல் டிலேயை எனக்கு இரவல் கொடுத்திருந்தார்.

பழையது திரும்பி வந்ததும் இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஹெட்போனில் கேட்டேன். வீட்டில் நான் வாசிப்பது எப்போதும் ஹெட்போனில்தான்; மனைவியின் கட்டளை. ஒரே கம்பி, ஒரே சுரம். டிஜிட்டலில் எட்டு எதிரொலி. பழையதிலும் எட்டு. ஐந்துக்குப் பிறகு வர வேண்டிய மங்கல் இல்லை. உஸ் இல்லை. அனலாக்கும் டிஜிட்டலும் ஒன்றாக ஒலிக்க முடியாது. அப்படி ஒலித்தால், இரண்டுக்குள்ளும் ஒரே சரக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

அடித்தகட்டின் நான்கு திருகையும் கழற்றிப் பார்த்தேன். பழைய சிப் இருந்த இடத்தில் பழைய எண்ணோடுதான் ஒரு சிப் இருந்தது. எண்ணை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். சுற்றியிருந்த ஈயப்பற்று புதிதாக மினுங்கியது. அந்தப் பழைய சிப் இப்போது கடையில் கிடைக்காது; வைத்திருப்பவர் நல்ல விலைக்கு விற்கலாம்.

வேறொன்றும் நினைவுக்கு வந்தது. ஒத்திகையில் நான் வாசிக்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அவர் இடதுகை கீபோர்டை விட்டு மிக்ஸருக்குப் போகிறது. நான் பார்த்தால் கை திரும்பிவிடுகிறது. பல மாதங்களாக இதைக் கவனித்து வந்தேன்.

மனைவியிடம் சொன்னேன்.

“இருபது வருஷமா பழகறவரைப் போய்த் திருடன்ங்கறேளா?” என்றாள். “நன்னா கேளுங்கோ. அவரும் கோச்சுண்டு போனப்பறம் யாரோட வாசிப்பேள், சுவரோடயா?”

அதை நானும் யோசிக்காமல் இல்லை. குழுவில் மற்ற மூவரும் அவர் அழைத்து வந்தவர்கள். அவர் போனால் குழுவே போகும். காலனியின் நவராத்திரி மேடை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் மாற்றப்பட்ட பெட்டியோடு மேடையில் உட்கார என்னால் முடியாது.

மறுநாள் மனைவி மார்க்கெட்டுக்கு வாழைப்பழம் வாங்கப் புறப்பட்டாள். இரண்டு பெட்டியையும் கிட்டாரையும் எடுத்துக்கொண்டு நானும் அதே ஆட்டோவில் ஏறினேன்.

“வாங்க சார், வாங்க. அட, அம்மாவும் வந்திருக்காங்களா! உக்காருங்கம்மா,” என்று ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார் நண்பர்.

“இதுக்குள்ள டிஜிட்டல் போர்டு வெச்சிருக்கீங்க,” என்றேன்.

“ஹௌதா? அப்படியா?” என்று சிரித்தார். “அந்த டப்பாவுக்குள்ள இன்னொரு போர்டா? அதுக்கு உங்க வீட்டு பீரோவ எங்க கீபோர்டு பையில மடிச்சு வெச்சிரலாமுங்க சார்.”

“இப்பல்லாம் நகம் அளவுக்கு வருது. எனக்குத் தெரியும். உஸ் எங்கே போச்சு? எட்டும் சுத்தமாக் கேக்குது. உங்க பெட்டிக்கும் இதுக்கும் எள்ளளவு வித்தியாசம் இல்லை.”

சிரிப்பு போய்விட்டது. கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

“சிப்புக்குப் பக்கத்துல ஒரு கெப்பாசிட்டர் மாத்துனேன். அவ்வளவுதான் சார். இந்தக் கடைக்கு வந்து ஒருத்தரும் என்னைய இப்படிக் கேட்டதில்லை. செருகுங்க, கேட்டுப்புடலாம். நான் மாத்தியிருந்தா கடையை மூடிக்கறேன். மாத்தலைன்னா நவராத்திரிக்கு வேற ஆளப் பாத்துக்கங்க.”

பழைய பெட்டியை அவரே ஒரு பெரிய ஸ்பீக்கரில் செருகி, சத்தத்தை ஏற்றினார். நான் கம்பியில் இன்னும் கை வைக்கவில்லை.

“முதல்ல அந்தச் சத்தத்தை நிறுத்துங்கோ,” என்றாள் மனைவி. ஒரு காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். “குக்கர்ல வெயிட் ஏர்றதுக்கு முன்னாடி வருமே, அதுமாதிரி உஸ்ஸுனு. பேசறதே கேக்கலை.”

“எந்தச் சத்தம்?” என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நண்பர் வயரைப் பிடுங்கி டிஜிட்டல் பெட்டியில் செருகினார். “அப்பாடா, நின்னுடுத்து,” என்றாள். மறுபடி பழையது. “ஐயோ.”

சந்தில் போன ஆட்டோவின் ஹாரன் எனக்குக் கேட்டது. ஸ்பீக்கரிலிருந்து இரண்டு தடவையும் எதுவும் கேட்கவில்லை. இருவரும் பேசி வைத்துக்கொண்டிருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மனைவியைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லி, வயரை நானே மாற்றி மாற்றிச் செருகினேன். சில தடவை மாற்றாமலும் விட்டேன். பத்து தடவை. பத்தும் சரியாகச் சொன்னாள். கடைசியில், “போறுமா, இல்லே இன்னும் பரீட்சை இருக்கா?” என்று கேட்டாள்.

சிக்னல் பிரிவில் இருந்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். உஸ் என்பது மிக உயர்ந்த ஸ்தாயி. பழைய பெட்டி ஒவ்வொரு எதிரொலியிலும் சிந்துகிற கூர்மையும் அங்கேதான் இருக்கிறது. என் காதில் அந்த இடம் மெல்ல மெல்லக் காலியாகிவிட்டது; இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்வரை நான் கவனிக்கவில்லை. பெட்டிகள் இரண்டும் அவை இருக்க வேண்டிய மாதிரியே இருந்தன.

ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருந்தது.

“நான் வாசிக்கறப்போ மிக்ஸர்ல என்ன பண்றீங்க?”

நண்பர் என் மனைவியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “ட்ரெபிளை, அந்தக் கூர்மையைத்தான், கொறைப்பேன் சார்.”

“என்னைக் கேக்காமலா?”

“கிட்டார்ல டோனை முழுசா ஏத்தி வெச்சுக்கறீங்க. தகரத்துல ஆணியால கீறுற மாதிரி இருக்குது. போன தடவை முன்வரிசையில ஒரு பெரியவர் எந்திரிச்சே போயிட்டாரு.”

“எவ்வளவு நாளா?”

“யுகாதிக்கு முன்னயிருந்தே.”

“சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா நம்பியிருப்பீங்களா?”

மனைவி சிரித்துவிட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒன்றும் நடக்கவில்லை என்றால் அடங்கியிருப்பேன். நடந்திருக்கிறது, என் முதுகுக்குப் பின்னால், பல மாதங்கள். ஆனால் திருடன் என்று சொல்லிக்கொண்டு வந்தவன் நான். எழுந்து போனால் அத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

“நவராத்திரி?” என்றேன்.

“வேற ஆளப் பாக்கச் சொன்னேனே.”

“நான் சொன்னது தப்பு,” என்றேன். இந்த வார்த்தைகள் எனக்குச் சுலபமாக வருவதில்லை. “மிக்ஸர்ல கை வைக்க வேண்டாம். டோனை இங்கேயே வெச்சுக் குடுங்க. நீங்க ரெண்டு பேரும் சொல்ற இடத்துல.”

வாசித்தேன். அவர் கிட்டாரின் டோன் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். “இன்னும்,” என்றாள் மனைவி. “இன்னும் கொஞ்சம்.” பாதிக்கும் கீழே போனது. என் காதுக்கு எதுவும் மாறவில்லை. ஓரிடத்தில் இருவரும் ஒரே நேரத்தில் “போதும்”, “போறும்” என்றார்கள்.

நண்பர் மேஜை இழுப்பறையிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்தார்.

“எதுக்கு?” என்றேன்.

“குமிழ் மேல ஒட்டறதுக்கு.”

“நான் திருக மாட்டேன். நம்பிக்கை இல்லையா?”

“இல்லைங்க சார்,” என்றவர், இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டினார்.

மனைவி காது டாக்டரிடம் போகச் சொல்கிறாள். காதில் மாட்டுகிற கருவியும் ஒலியை எண்ணாக்கித்தான் உள்ளே அனுப்பும். யார் எந்த எண்ணை அனுப்புகிறார்கள் என்று எனக்கெப்படித் தெரியும்? பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நவராத்திரியன்று பழைய பெட்டியைத்தான் வைத்து வாசித்தேன். நண்பரின் இரண்டு கையும் கீபோர்டிலேயே இருந்தன. முன்வரிசையில் பதினான்கு பேர். மூன்றாவது பாட்டின் நடுவில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். சுண்டல் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், அதற்காகத்தான் என்று மனைவி சொல்கிறாள். நண்பரும் அதையே சொல்கிறார். அந்த இரண்டு பேரில் ஒருவர் எங்கள் தெருக்காரர். அவரை ஒருமுறை விசாரிக்க வேண்டும்.