கவிஞருக்கு நாங்கள் எடுத்த விழா

ஒஸ்லோவில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் என்னோடு பாத்திரம் கழுவிய நண்பர் தென்னமெரிக்காவிலிருந்து வந்த அகதி. தன் நாட்டுப் பெருங்கவிஞரின் கவிதை ஒன்றை ஸ்பானிய மொழியில் சபை நடுவே ஒரு தடவையாவது வாசித்துவிட வேண்டும் என்பது அவருக்குப் பல வருட ஆசை. கேட்கத்தான் ஆளில்லை. எங்கள் தமிழ் ஆட்கள் இருக்கிறார்கள் என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. ஒஸ்லோவின் புறநகரான ரொம்சோஸில் நாலைந்து பேர் ஓர் இலக்கிய வட்டம் வைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் கவிஞரே என்று கூப்பிட்டுத் திரிந்தோம்.

அந்தப் பெருங்கவிஞரின் வாழ்வும் பணியும் என்று விழா எடுத்தோம். விளக்கேற்றினோம். நண்பருக்குப் பொன்னாடை போர்த்தி முன்வரிசையில் இருத்தினோம். சிறப்பு விருந்தினரைக் கடைசியில்தான் மேடையேற்றுவது எங்கள் வழக்கம். அங்கேதான் சனி பிடித்தது.

வரவேற்புரை சொன்னவர், தான் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிகளில் வென்ற கதையைச் சொன்னார். தலைவர், கவிஞர் பிறந்த ஊரிலிருந்து தன் ஊருக்குத் தாவியவர், திரும்பி வரவேயில்லை. "இன்னும் ரெண்டே நிமிசத்திலை முடிக்கிறன்" என்று மூன்று முறை சொன்னார். பக்கத்து நகரமான திராமனிலிருந்து வந்தவர் தன் சொந்தக் கவிதைகள் ஆறை வாசித்தார். அவர்களைச் சொல்லி என்ன, நான் நாற்பது நிமிடம் பேசினேன். நூலகத்தில் எடுத்த மெல்லிய புத்தகத்தில் பாதி படித்ததற்கு அவ்வளவு பேச்சு. கைதட்டினார்கள், நானும் நீட்டினேன்.

நண்பர் கவிதைத் தாளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சொல்லும் விளங்காமல், பேசுகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு மணிக்கு மண்டபப் பொறுப்பாளர் சாவியோடு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் அடுத்த விழாக்காரர்கள், கையில் பிறந்தநாள் பலூன்களோடு.

"அவரை வாசிக்க விடுங்கோ" என்று செயலாளரிடம் கெஞ்சினேன்.

"நன்றியுரை இல்லாமல் கூட்டத்தை முடிக்கேலாது" என்றார் செயலாளர். எழுதி வைத்திருந்ததை அப்படியே வாசித்தார். அருமையாகக் கவிதை வாசித்த எங்கள் சிறப்பு விருந்தினருக்கும் அதில் நன்றி சொல்லியிருந்தார்.

வெளியே பனி. கோட்டுக்கு மேல் பொன்னாடையோடு நண்பர் நின்றார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இங்கேயே வாசியுங்கள், நான் கேட்கிறேன் என்றேன்.

அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"பரவாயில்லை. உங்கள் ஆட்கள் பேசுவதைக் கேட்கவும் இந்த நாட்டில் ஒருவரும் இல்லைப் போலிருக்கிறது" என்றார், கொஞ்சமும் கோபமில்லாமல்.