கோவிந்தா சொன்னால் கிளம்பும் பஸ்

மின்சார பஸ் என்றால் சத்தமே வராது என்று உங்களிடம் யார் சொன்னது? அந்த ஆளைத் திருப்பதிக்கு அனுப்பி வையுங்கள். ஒரு தனியார் டிராவல்ஸ்காரர் சோதனைக்காக விட்டிருக்கும் புத்தம்புது மாடி பஸ் ஒன்று பஸ் ஸ்டாண்டுக்கும் மலையடிவாரத்து அலிபிரிக்கும் நடுவில் ஓடுகிறது. டிக்கெட் இருபது ரூபாய். மாடியில் முன் சீட்டில் உட்காரச் சொல்லுங்கள். இறங்கியதும் பேச்சை மாற்றிவிடுவார்.

நான் ஊர் சுற்றப் போகவில்லை. காலை ஏழு மணிக்கு நகரியில் நைனாவோடு கிளம்பினேன். நைனா என் அப்பா. முப்பது வருஷம் பவர்லூம் ஓட்டியதில் அவருக்கு இரண்டு காதும் மந்தம். நாங்கள் வீட்டில் பேசுவது தெருவுக்கே கேட்கும், அவருக்கு மட்டும் கேட்காது. போன வாரம் பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தும் தெரியாமல் சைக்கிளை நடுரோட்டில் திருப்பிவிட்டார். ஹேண்டில்பார் நசுங்கியதோடு தப்பித்தார். காது மெஷின் பொருத்தும் டாக்டர் அலிபிரி ரோட்டில் ஒரு கிளினிக்குக்கு மாதம் ஒருநாள்தான் வருவார். பதினொன்றரைக்குள் போகாவிட்டால் அடுத்த மாதம். அதுவரை அவரை சைக்கிளோடு ரோட்டில் விட எனக்குத் தைரியம் இல்லை.

புத்தூர், ரேணிகுண்டா தாண்டி ஒன்பதரைக்குத் திருப்பதி. ஆட்டோ பிடிக்கலாம் என்றேன். அதற்குள் மாடி பஸ் நைனா கண்ணில் பட்டுவிட்டது.

"மேல குந்திக்கினு போலாம்டா. இன்னா அவசரம்?"

பஸ் நிறைந்து கிளம்பவே பத்தேகால் ஆனது. அப்புறம் ஆரம்பித்தது கச்சேரி. ஏசி இரைந்தது. தலைக்கு மேல் பிளாஸ்டிக் தட்டுகள் கடகடத்தன. முன்கண்ணாடி ரப்பருக்குள் உர்ரென்று உறுமியது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லும் பட்டன் ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டு விடாமல் பீப் அடித்தது. மோட்டாருக்குச் சத்தமே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் மற்றதெல்லாம் இவ்வளவு சுத்தமாகக் கேட்கிறது! நான் காதைப் பொத்திக்கொண்டேன். நைனா கம்பியைத் தொட்டுப் பார்த்து, "நம்ம தறி ஷெட்டு மாதிரி கீதுடா" என்று சிரித்தார். அடுத்த நிமிஷம் தூங்கிவிட்டார்.

கண்டக்டர் ஒரு தெலுங்கு அக்கா. ஆட்கள் ஏறியதும் படிக்கட்டில் நின்று கையைத் தூக்கி "கோவிந்தா!" என்றார். மாடி முழுக்க "கோவிந்தா!" என்று திருப்பிக் கத்தியது. பஸ் நகர்ந்தது. எனக்குப் புரியவில்லை.

"பெல் பனி செய்யலேது, வேலை செய்யல தம்பி," என்றார் அக்கா. "இந்த இரைச்சல்ல நான் ரைட்டு சொன்னா கீழ கேக்காது. எல்லாரும் கோவிந்தா சொன்னா டிரைவருக்குக் கேட்டுடும். எடுத்துடுவாரு."

திருப்பதியில் ரைட்டுக்குப் பதிலாக இது போதாதா? பிரமாதம் என்று நினைத்தேன். இரண்டு ஸ்டாப் அப்படியே ஓடியது.

மூன்றாவது ஸ்டாப் தாண்டி பஸ் செத்தது. ஏசி, விளக்கு, பீப், எல்லாம் ஒரே நொடியில் அடங்கின. நைனா திடுக்கிட்டு விழித்தார். தறி ஓடும்போது தூங்குவார், நின்றால் எழுந்துவிடுவார், அது பழக்கம். கீழிருந்து டிரைவர் குரல் கொடுத்தார்: "பத்து நிமிஷம் ஆவும்! ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும்!"

நான் அதை நைனா காதில் கத்தினேன். "பத்து நிமிஷமா? வேர்க்கடல வாங்கினு வரேன்," என்று நைனா இறங்கினார்.

மூன்றாவது நிமிஷமே விளக்கு எரிந்தது. நம்பி நிற்கவும் முடியாது, நம்பி இறங்கவும் முடியாது, இது என்ன பஸ்! மாடியில் ஆரணியிலிருந்து மஞ்சள் துணி கட்டி வந்த இருபது பேர் இருந்தார்கள். ஏசி காற்று முகத்தில் பட்ட சந்தோஷத்தில் அத்தனை பேரும் சேர்ந்து கத்தினார்கள்: "கோவிந்தா!"

பஸ் கிளம்பிவிட்டது.

"நிறுத்துங்க! நைனா!" என்று அலறினேன். நான் ஏதோ பக்தியில் அலறுகிறேன் என்று நினைத்து, "கோவிந்தா! கோவிந்தா!" என்றது கூட்டம். டிரைவர் இன்னும் வேகமாக எடுத்தார். படிக்கட்டில் ஆட்கள் அடைத்து நின்றதால் கீழே ஓட வழியில்லை. பின்கண்ணாடியில், கடலை வண்டி முன் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்ற நைனா சின்னதாகிக்கொண்டே போனார்.

கூட்டத்தின் தலைவர், பெரிய மீசைக்காரர், அவர் தோளைப் பிடித்து உலுக்கி விஷயத்தைக் காதுக்குள் கத்தினேன். "காலால ஒதைங்கடா!" என்று தரையை ஓங்கி மிதித்தார். இருபது பேரும் மிதித்தார்கள். டிரைவர் தலைக்கு மேல் கூரையே இடிந்த மாதிரி இருந்திருக்கும். பஸ் குலுங்கி நின்றது. டிரைவர் ஆட்களை விலக்கிக்கொண்டு படியேறி ஓடி வந்தார்.

"இன்னாபா, ஃப்ளோரு ஒடஞ்சி பூட்ச்சா?"

"எங்க நைனாவ வுட்டுட்டு வந்துட்டீங்கண்ணா!"

"கோவிந்தா சொன்னீங்களே!"

மீசைக்காரர் சீறினார்: "யோவ், நாங்க சாமிக்குச் சொன்னோம்யா, உனக்கா சொன்னோம்?"

டிரைவருக்கு முகம் செத்துவிட்டது. நடுவில் டிவைடர், பஸ்ஸைத் திருப்ப முடியாது. கண்டக்டர் அக்கா உடனே இறங்கி, டிவைடரைத் தாண்டி, எதிரே வந்த ஆட்டோவை மறித்து, என்னை உள்ளே தள்ளித் தானும் ஏறினார். "போய்ட்டு வாம்மா, நாங்க நிக்கிறோம்," என்றார் மீசைக்காரர். நிற்காமல் எங்கே போவது? பஸ் மறுபடியும் அணைந்திருந்தது.

நைனா அதே இடத்தில் நின்றிருந்தார். கையில் கடலைப் பொட்டலம் கசங்கிப்போயிருந்தது.

"எங்கடா பூட்டீங்க? திரும்பிப் பாத்தா பஸ்ஸே இல்ல. எனக்குத்தான் ஒண்ணும் கேக்கலியே..."

அக்கா அவர் கையைப் பிடித்து, காதருகே உரக்கச் சொன்னார்: "பெத்தாயனா, பெரியவரே, இது பேட்டரி பஸ். வெளிய நிக்கிறவங்க யாருக்குமே கேக்காது. நல்ல காதுக்கே கேக்காது!"

அந்தச் சொல்லுக்காக அவருக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவன். நைனா ஆட்டோவில் ஏறி நிமிர்ந்து உட்கார்ந்தார். திரும்பும் வழியில் அக்கா பஸ்ஸருகே இறங்கிக்கொண்டார். நன்றி சொல்வதற்குள் ஆட்டோ நகர்ந்துவிட்டது. மாடி ஜன்னல்களிலிருந்து இருபது பேர் கையாட்டினார்கள். கோவிந்தா மட்டும் யாரும் சொல்லவில்லை.

பதினொன்று இருபதுக்குக் கிளினிக். டாக்டர் மெஷினைப் பொருத்தி, பின்னால் நின்று மெதுவாக, "பெரியவரே, எந்த ஊரு?" என்றார். நைனா திரும்பினார். "நகரி," என்றார், அவரும் மெதுவாக. அவர் குரல் இவ்வளவு மென்மையானது என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

அந்த பஸ்ஸைக் கிழித்து எழுதத்தான் போனை எடுத்தேன். கை வரவில்லை. பெல்லைச் சரிசெய்யுங்கள், தட்டுகளுக்கு ஸ்க்ரூ போடுங்கள். அந்த அக்காவை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

நகரி பஸ் இப்போது புத்தூரில் நிற்கிறது. நான் டைப் அடிக்கும் டிக் டிக் தாங்கவில்லை, நிறுத்துடா என்கிறார் நைனா.