லாரி ரோட்டுக்கு அடியில் கன்னிமார்

போன ஞாயிறு வெள்ளானூரில் என் மச்சான் கன்னியப்பன் பூமியைத் தோண்டி ஒரு சோப்புப் பெட்டியைக் கண்டெடுத்தான். அதற்கு முன்னால் இறைச்சி டின்கள். அதற்கும் முன்னால் ஒரு பூட்ஸ், முள்கம்பி, கூடாரம் அடித்த இரும்பு முளை...

அவன் தேடியது இவை எதையும் அல்ல. கிணற்றை.

வாரா வாரம் இந்தப் பக்கத்தில் நான் டிராம் நெரிசலையும் ரேஷன் அரிசியில் கிடக்கும் கல்லையும் திட்டுவது உங்களுக்குப் பழக்கம். இந்த வாரம் திட்டப் போவதில்லை. மனசு அவ்வளவு குளிர்ந்து கிடக்கிறது.

கன்னியப்பன் என் மனைவியின் தம்பி. யுத்தம் வந்தபோது ஆவடிப் பக்கம் பட்டாளம் முகாம் போட்டது. அவனுடைய நிலமும் அதில் போயிற்று. வரப்பை நிரவினார்கள், மரத்தை வெட்டினார்கள், சரளை கொட்டி லாரி ரோடு போட்டார்கள், கிணற்றின் வாயையும் மூடிவிட்டார்கள். இத்தனை வருஷமும் முள்கம்பிக்கு வெளியே நின்றுதான் அவன் தன் நிலத்தைப் பார்த்தான். இப்போது யுத்தம் முடிந்தது, பட்டாளம் போயிற்று, நிலம் திரும்பி வந்தது. ஆனால் எது வரப்பு, எது வாய்க்கால்? சொந்த நிலத்தில் திசை தெரியாமல் நின்றான் மனுஷன்.

ஏரியில் தண்ணீர் இல்லை. கிணறு கிடைத்தால் இந்தப் பட்டத்தில் நாற்று விடலாம். கிடைக்காவிட்டால் நிலத்தைச் செங்கல் சூளைக்காரருக்குக் கொடுத்துவிட்டு, பெரம்பூர்ப் பக்கம் கூலிக்குப் போவதாக முடிவு செய்திருந்தான். சூளைக்காரர் தினமும் வந்து குடையை ஊன்றிக்கொண்டு நிற்பார். தோண்டிப் போட்ட மண்ணை விரலால் நசுக்கிப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கிணற்றைக் கண்டுபிடிப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். கன்னியப்பனும் அப்படித்தான் நினைத்தான். அந்தக் கிணற்றுக்குக் காவலாக ஏழு கன்னிமார் கல் உண்டு. கல்லுக்கு ஈசானிய மூலையில், ஒரு கல் எறிகிற தூரத்தில் கிணறு. ஊரில் எல்லோருக்கும் தெரியும். முகாமில் எல்லாம் தலைகீழாகப் போன பிறகும் கன்னிமார் மட்டும் அலுங்காமல் நின்றார்கள். ஏழு பேரும் வரிசையாக, கிழக்கே பார்த்து.

ஈசானியத்தில் தோண்டினான். பூட்ஸ் வந்தது. இன்னும் அகலமாகத் தோண்டினான். டின் வந்தது. சோப்புப் பெட்டி வந்தபோது கடப்பாரையை வீசிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"ஆத்தா கோவமா கீறா மாமா. இத்தினி வருசம் ஒரு படையல் போட்டோமா? கெணத்த மறைச்சிகினு கீறா."

"நீ தோண்டுற இடம் தப்பா இருக்குமோ?" என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... ரோடு மாறும். ராஜாங்கமே மாறப் போகிறது என்று பட்டணத்தில் பேசிக்கொள்கிறார்கள். சாமி இடம் மாறுமா? சுற்றி நின்றவர்களும் அவன் பக்கம்தான். ஆடு வெட்டுவதாக வேண்டுதலும் ஆயிற்று.

படையலுக்கு முன்னால் கல்லைக் கழுவ அவன் மனைவி பச்சையம்மாள் குடத்தோடு வந்தாள். ஊற்றினாள். தண்ணீர் மண்ணில் இறங்கவில்லை, தேங்கி நின்றது. அவள் குனிந்து சேற்றைக் கையால் வழித்தாள்.

"இன்னாய்யா இது... ஆத்தா காலுக்கு அடியில சிமிட்டி கீது?"

எல்லோரும் குனிந்தோம். வழவழவென்று சிமென்ட் மேடை. கன்னிமாரை மண்ணில் நடுவார்களே ஒழிய சிமென்டில் யார் நடுவார்கள்? பட்டாளத்தில் இருந்த நம் பக்கத்து ஆள் எவனோ, பயபக்தியோடு, வரிசை கலையாமல், முகம் கிழக்கே இருக்கும்படி தூக்கி வந்து வைத்திருக்கிறான். நல்லவன். மகராஜன். அவன் பக்தியால்தான் நாங்கள் சோப்புப் பெட்டி பொறுக்கிக்கொண்டிருந்தோம்!

"அப்போ ஆத்தா முன்னாடி எங்க இருந்தா?" என்றான் கன்னியப்பன்.

"எதுக்குத் தூக்கினான்? ரோட்டுக்குக் குறுக்கே இருந்திருப்பா, அதான்" என்றேன். என் வாழ்நாளில் நான் உருப்படியாகப் பேசியது அது ஒன்றுதான் என்று என் மனைவி சொல்கிறாள்.

பச்சையம்மாள் அதற்குள் லாரி ரோட்டுக்குப் போய்விட்டாள். "சரளைய பேருங்க அண்ணே. எத்தினி எண்ணெ ஊத்திகீறோம், எத்தினி பொங்க வச்சிகீறோம்... மண்ணு மறந்துருமா?"

பேர்த்தோம். ரொம்ப தூரம் வெறும் செம்மண்தான். ரோடு வளைகிற இடத்தில் மண் கறுத்து வந்தது — எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கறுப்பு. அப்புறம் சாம்பல். பொங்கல் பானை ஓடு. பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு ஒன்றை எடுத்துப் பச்சையம்மாள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மியூசியத்தில் எத்தனையோ பானை ஓடு பார்த்திருக்கிறேன். ஒன்றுகூட என்னை அழவைத்ததில்லை. இது வைத்தது.

அங்கிருந்து ஈசானியத்தில் கன்னியப்பன் கடப்பாரையால் குத்திக்கொண்டே போனான். சொத்... சொத்... சொத்... டொம்.

மண்ணை வாரினால் கனமான சிமென்ட் மூடி. வந்திருந்த ஆண்கள் அத்தனை பேரும் சேர்ந்து ஒரு ஓரத்தை உடைத்தோம். கன்னியப்பன் கையில் அகப்பட்ட டின் ஒன்றை உள்ளே போட்டான். எல்லோரும் குனிந்து காது கொடுத்தோம்.

தொளுக்.

அப்புறம் எழுந்த கூச்சல் ஆவடி ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். கன்னியப்பன் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தான். நானும் குதித்தேன், இந்த வயசில், இந்த உடம்போடு.

ஆடு மட்டும் தப்பவில்லை. வேண்டுதல் வேண்டுதல்தானே?

யோசித்துப் பாருங்கள். தோண்டுகிற ஆளைச் சந்தேகப்பட்டோம். ஆத்தாளின் மனசைக்கூடச் சந்தேகப்பட்டோம். எங்கிருந்து அளக்கிறோம் என்பதை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. வெள்ளானூரில் மட்டுமா இப்படி?

சாயந்திரம் வழக்கம்போலச் சூளைக்காரர் வந்தார். கன்னியப்பன் சொட்டச் சொட்ட ஒரு செம்பை நீட்டினான்.

"குடிச்சிட்டுப் போ அண்ணாத்தே. இந்த மண்ணு உன் சூளைக்கு ஒத்துவராது. ஈரம் சாஸ்தி."

யுத்தத்தில் ஜெயித்தது யார் என்று பேப்பரில் முன்பே படித்துவிட்டேன். ஜெயித்தவன் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.