வாயில் ஆணி, டீயில் பால்

இடது கை ரெக்சினை இழுத்துப் பிடித்திருக்கிறது. வலது கையில் காந்த நுனி வைத்த சுத்தியல். வாய்க்குள் ஒரு பிடி பொடி ஆணி. நாக்கு ஓர் ஆணியைப் புரட்டி, கொண்டை வெளியே பார்க்கும்படி உதட்டுக்குத் தள்ளுகிறது. சுத்தியல் உதட்டருகே வந்து அதைக் கவ்விக்கொண்டு போகிறது. ஒரு தட்டு ஆணியை நிறுத்த, ஒரு தட்டு இறக்க. அதற்குள் அடுத்தது உதட்டில் தயார். பார்ப்பவர்களுக்குத்தான் தொண்டை அடைக்கும். சோபா, நாற்காலிக்கு மெத்தை தைக்கும் குஷன்காரர் இத்தனை வருடத்தில் ஒன்றைக்கூட விழுங்கியதில்லை. இருமல் வந்தால் முதலில் ஆணியைத் துப்ப வேண்டும், அப்புறம்தான் இரும வேண்டும் என்பது அவருடைய ஒரே மருத்துவ அறிவு.

அந்த ஆணிகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சோபா நாளைக்குக் கிடைக்குமா என்று யாராவது கேட்டால் கை தானாக ஆணி டப்பாவுக்குப் போகும். பக்கத்துக் கடைச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டாலும் அப்படித்தான். வாய் நிறைந்துவிட்டால் வருவது ஒரு "ம்ம்" மட்டும். அதைக் கேட்டவர் தம் வசதிக்கு எடுத்துக்கொண்டு போகலாம்.

ஆணி இல்லாத வேளையில் பேசுவார், ஆனால் பஞ்சு வைத்துத்தான் பேசுவார். கண்ணைக் குத்தும் ஆரஞ்சுப் பூப்போட்ட துணியை ஒருவர் கொண்டுவந்தால், "நல்லா வெளிச்சமா இருக்கு" என்பார். ஸ்பிரிங்கெல்லாம் செத்துப்போன நாற்காலிக்கு, "ஒண்ணுமில்ல, கொஞ்சம் களைச்சிருக்கு." மகள் வைத்த சூப்பில் உப்பு ஏறிவிட்டால் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, சத்தமில்லாமல் ஒரு செம்புத் தண்ணீரையும் குடிப்பார்.

"அப்பா, உங்ககிட்ட அபிப்பிராயம் கேக்கறதும் தலையணைகிட்டக் கேக்கறதும் ஒண்ணுதான்" என்பாள் மகள். பஸ் டெப்போவில் நேரக் காப்பாளர். டிரைவர்களை அதட்டி அதட்டிப் பழகிய குரல்.

குஷன்காரருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. முழங்கால்களில் இடதுதான் மோசம். எழுந்திருக்கும்போது மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்று, கால் சம்மதித்த பிறகே நடப்பார். பிரஷர் மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறார், பால் டீயோடுதான். மனைவி போய்ப் பல வருடம் ஆகிறது. பாலைச் சுண்டக் காய்ச்சி, கரண்டி நிற்கிற மாதிரி டீ போட அவருக்கே தெரியும். "பால் இல்லாத டீ, பஞ்சு வைக்காத நாற்காலி மாதிரி. உக்காரலாம், ஆனா எதுக்கு?" இது அவர் பஞ்சு வைக்காமல் சொல்லும் ஒரே கருத்து. அதையும் வீட்டுக்குள்தான் சொல்வார்.

எதிர்ச்சாரியில் மூக்குக் கண்ணாடிக் கடை. நடத்துகிற அம்மாளைத் தெருவே கண்ணாடியம்மா என்கிறது. அவருக்கும் கணவர் இல்லை. கண் பரிசோதிக்கும் நாற்காலி கிழிந்துபோய், தைத்துத் தரச் சொல்லி இவரிடம் கொடுத்தார். இவர் அதை மெத்தை மெத்தையாக ஆக்கிக் கொடுத்ததில், எழுத்து வாசிக்க உட்கார்ந்தவர்கள் மூன்றாவது வரியில் தூங்கிப்போனார்கள். ஆள் வைத்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்த கண்ணாடியம்மா, அதே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். மறுநாள் மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் ஃபிளாஸ்கும் இரண்டு கப்புமாகத் தெருவைக் கடந்து வந்தார்.

ஃபிளாஸ்கில் இருந்தது கிரீன் டீ.

வெளிர் மஞ்சளாகக் கப்பில் விழுந்ததைப் பார்த்து, குஷன்காரர் கள்ளமில்லாமல், "பால்?" என்று கேட்டார்.

"இதுல யாராவது பால் ஊத்துவாங்களா? பாலும் கெட்டு டீயும் கெட்டு."

"சும்மா கேட்டேன்" என்றார் குஷன்காரர்.

அந்தச் "சும்மா"வில் பிடித்த சனி, மாதக்கணக்காக விடவில்லை. கண்ணாடியம்மா தினமும் வந்தார். குஷன்காரரும் மத்தியானம் ஆனால் தலையை வாரிக்கொண்டு வாசலைப் பார்த்தார். வந்தவரைப் பிடித்திருந்தது, வந்த டீயைத்தான் இறக்க முடியவில்லை. மெத்தைக்குள் வைக்கிற தேங்காய் நார்க்கட்டுக்குப் பின்னால் சின்னத் தூக்குப் பாத்திரத்தில் பால் வாங்கி வைத்தார். கண்ணாடியம்மா தெருப் பக்கம் திரும்புகிற நேரம் பார்த்து ஒரு சாய்ப்பு. டீ குட்டைத் தண்ணீர் நிறத்துக்கு மாறும். கண்ணை மூடிக் குடித்துவிட்டு, கப்பைத் தாமே கழுவிக் கொடுப்பார். என்ன மரியாதையான மனிதர் என்று கண்ணாடியம்மா நினைத்துக்கொண்டார்.

ஒருநாள் கண்ணாடியம்மா வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு நேராகக் கேட்டார்.

"நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமா? யோசிச்சுத்தான் கேக்கறேன்."

குஷன்காரரின் நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஆமாம் என்ற ஒரு சொல்தான் வேண்டும். ஆனால் பழகின கைக்கு அது தெரியவில்லை. டப்பாவுக்குப் போய், ஒரு பிடி ஆணியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டது.

"ம்ம்" என்றார்.

கண்ணாடியம்மா காத்திருந்தார். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கப்புகளை எடுத்தார். பதற்றத்தில் குஷன்காரர் அன்றைக்குக் கப்பைக் கழுவவில்லை. அடியில் வெள்ளையாகப் பாலாடை ஒட்டியிருந்தது. கண்ணாடிக் கடைக்காரிக்கு அது தெரியாமல் போகுமா? கப்பை முகர்ந்தார். நார்க்கட்டின் பின்னால் எட்டிப் பார்த்தார். தூக்கு மாட்டிக்கொண்டது.

"எவ்வளவு நாளா இது?"

வாய் நிறைய ஆணி. 

கண்ணாடியம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "டீ பிடிக்கலேன்னு சொல்ல வாய் வராதவர், நாளைக்கு என்னைப் பிடிச்சிருக்குன்னு சொன்னா அதை மட்டும் நான் எப்படி நம்பறது?" என்று கேட்டுவிட்டு, ஃபிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்துவிட்டார்.

சாயங்காலம் மகள் வந்தபோது தகப்பனார் ஒரே ஸ்டூலுக்கு மூன்று தடவை துணி மாற்றியிருந்தார். நடந்ததைத் துண்டு துண்டாகப் பிடுங்கி எடுத்தாள். பால் ஊற்றிய இடம் வந்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கேட்ட கேள்விக்கு ஆணியை அள்ளிப் போட்டுக்கொண்ட இடத்தில் சிரிப்பு நின்றது.

"அந்தம்மா கேட்டதுல என்னப்பா தப்பு? நீங்க யார்கிட்டயும் இல்லேன்னு சொன்னதே இல்ல. அப்ப உங்க ஆமாவுக்கு என்ன மதிப்பு?"

குஷன்காரர் டப்பாவைப் பார்த்தார். மகள் அதை மூடித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை, தெருவில் பாதிக் கடைகள் திறக்காத நேரத்தில், குஷன்காரர் தூக்கும் கையுமாக, எல்லோரும் பார்க்கத் தெருவைக் கடந்தார். முழங்கால் சம்மதிக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. கண்ணாடியம்மா லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"வாயில என்ன?"

குஷன்காரர் டாக்டருக்குக் காட்டுவதுபோல 'ஆ'வென்று வாயைத் திறந்து காட்டினார். பிறகு பேசினார்.

"உங்க டீ எனக்குப் பிடிக்கல. இலை ஊறின வெந்நீர் மாதிரி இருக்கு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். உலகம் இடிந்து விழவில்லை என்று தெரிந்ததும் மேலே போனார். "வாசல்ல மாட்டியிருக்கீங்களே பெரிய கண்ணு படம், அது நாள் பூரா என்னையே முறைக்குது, பிடிக்கல. நீங்க வேலை செய்யறப்போ பாடறீங்க. சுருதி சேரல."

"முடிஞ்சதா?"

"அந்த நாற்காலிய அவ்வளவு மெத்துன்னு பண்ணினது என் தப்பு. பிரிச்சுத் தைக்கணும்."

"என்னை?"

"உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப."

கண்ணாடியம்மா துடைத்த லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். ஃபிளாஸ்கிலிருந்து ஒரு கப்பில் மட்டும் கிரீன் டீயை ஊற்றிக்கொண்டார். குஷன்காரரின் தூக்கைத் திறந்தார். அதில் இருந்தது பால் இல்லை. ஆடை கட்டிய, சுடச்சுடப் பால் டீ. அதை மற்றக் கப்பில் ஊற்றி, ஒரு வாய் குடித்து, முகத்தைச் சுளித்தார்.

"சகிக்கல" என்றார். கப்பை அவர் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்துபோய், கதவில் 'திறந்திருக்கிறது' என்று தொங்கிய அட்டையைத் திருப்பிப் போட்டார்.